நாய்க்கு ஒரு ஷில்லிங்: கண்டியில் "யாருடைய நாய்?" என்று கேட்ட கதை

நாய்க்கடிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு இந்தக் கேள்வி தெரிந்திருக்கும். காயத்தைக் கழுவி, துண்டு எழுதி, வரிசையில் நின்று உள்ளே போனதும் டொக்டர் நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்: "யாருடைய நாய்?"

கண்டியை ஒட்டிய ஒரு தோட்டத்தில் என் சித்தியின் குடும்பம் இருக்கிறது. தம்பிக்கு எட்டு வயதிருக்கும்போது லயத்து வாசலில் நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் நாலு பல் பதிந்த காயம். அந்த நாயை எல்லாருக்கும் தெரியும். காலையில் முதல் வீட்டில் ரொட்டித் துண்டு, மத்தியானம் நாலாவது வீட்டில் சோறு, ராத்திரி படுக்கிறது கடைசி வீட்டு விறகு அடுக்குக்குக் கீழே. பெயர்கூட இருந்தது, மணி. ஆனால் அன்றைக்கு டொக்டர் கேட்ட கேள்விக்குச் சித்தி சொன்ன பதில், "தெரியாதுங்க டொக்டர், ரோட்டு நாய்." வீட்டுக்கு வந்த பிறகு ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். "பிறகு நம்மள்ட்டதானே காசு கேப்பாங்க" என்றார்.

சித்தி பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. "என் நாய்" என்று சொன்னால் ஏதோ ஒரு கடன் தலையில் விழும் என்ற பயம் இந்த மலைகளில் நேற்று வந்தது இல்லை. அதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. தேடிப் போனால் 1848இல் போய் முட்டுகிறது.

1848 என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வரும்: மாத்தளைக் கலகம், வீர புரன் அப்பு, கொங்காலேகொட பண்டா. காரணங்களை வரிசையாக எழுதச் சொல்வார்கள். அந்த வரிசையில் "நாய்வரி" என்று ஒரு வார்த்தை இருக்கும். ஐந்து மார்க் கேள்வி என்பதால் எழுதிவிட்டுப் போய்விடுவோம். நாய்க்கு ஏன் வரி என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. நானும் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். 1847இல் டொரிங்டன் பிரபு இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்தார். அப்போது இங்கிலாந்தின் பிரதமராக இருந்த ஜோன் ரசலுக்கு அவர் சொந்தக்காரர். வந்த நேரம் சரியில்லை. கண்டி மலைகளில் காடழித்து நட்ட கோப்பியின் விலை அந்த ஆண்டில்தான் சரிந்தது. அரசாங்கப் பெட்டியில் காசு இல்லை. பணம் வேண்டும், ஆனால் தோட்டத்துரைமார்களைச் சிரமப்படுத்தக் கூடாது. ஆகவே 1848இல் வரிசையாகச் சட்டங்கள் வந்தன. துப்பாக்கி வைத்திருந்தால் ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங். கடைக்கு வரி, வண்டிக்கு வரி, படகுக்கு வரி. வயது வந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் ரோட்டு வேலை செய்ய வேண்டும், முடியாதென்றால் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும். அதோடு சேர்த்து, வளர்க்கும் ஒவ்வொரு நாய்க்கும் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங்.

இங்கிலாந்துக்காரருக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருந்திருக்காது. அங்கே 1796 முதலே நாய்வரி இருந்தது. அங்கே நாய் என்பது பெரும்பாலும் ஒரு ஆளுடைய நாய், ஒரு வீட்டுடைய நாய். அதை வைத்திருக்கிறவனுக்கு வசதி இருக்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம். கண்டிக் கிராமத்தில் கதை வேறு. சேனைப் பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்றத் துப்பாக்கியும் நாயும் வேண்டும். இரண்டும் அங்கே வேலைக் கருவிகள். மண்வெட்டிக்கு வரி போட்ட மாதிரித்தான் அது அவர்களுக்குப் பட்டிருக்கும். இன்னொரு பக்கம், சாப்பாடு போடுகிறவர் பலர், உரிமை கொண்டாடுகிறவர் யாருமில்லை என்று திரிகிற நாய்கள். அந்த ஷில்லிங்கை யார் கட்டுவது?

ஜூலை முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் கண்டிக் கச்சேரிக்கு முன்னால் கூடினார்கள். ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டினார்கள். மாத்தளை, குருநாகல் என்று கலகம் பரவியது. சில நாட்களுக்குள் கண்டியில் இராணுவச் சட்டம். ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். அதே மாதம் குடாபொல தேரரைக் காவியுடையோடு நிறுத்திச் சுட்டார்கள். பண்டாவுக்கு முதலில் மரணதண்டனை, பிறகு கசையடியும் மலாக்காவுக்கு நாடுகடத்தலும். இந்த அட்டூழியம் இலண்டன் நாடாளுமன்றம் வரை போய் விசாரணையாகி, 1850இல் டொரிங்டனைத் திருப்பி அழைத்தார்கள். நாய்வரி கைவிடப்பட்டது.

கலகம் நாய்க்காக நடந்தது என்று சொல்ல வரவில்லை. காணி பறிபோனது, பழைய தலைமை போனது, பௌத்த விகாரைகளுக்குக் கொடுத்த வாக்கு மீறப்பட்டது என்று பெரிய காரணங்கள் இருக்கின்றன. ஆனாலும் அந்த ஒரு ஷில்லிங்குக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. அது வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே வந்து, "இங்கே என்ன என்ன இருக்கு?" என்று எண்ணிப் பார்க்கிற வரி. அதனால்தானோ என்னவோ, உலகத்தில் வேறு இடங்களிலும் நாய்வரி தீயைப் பற்ற வைத்திருக்கிறது. 1898இல் நியூசிலாந்தின் ஹொக்கியாங்காவில் ஹோனே தோயியா என்பவரின் தலைமையில் மாவோரி மக்கள் நாய்வரியைக் கட்ட மறுத்து ஆயுதத்தோடு திரண்டார்கள். அதை அங்கே "நாய்வரிப் போர்" என்றே சொல்கிறார்கள். நல்லவேளையாகப் பேச்சுவார்த்தையில் முடிந்தது. 1922இல் இன்றைய நமீபியாவில் பொண்டெல்ஸ்வார்ட் மக்களுக்கு அந்த நல்லவேளை வாய்க்கவில்லை. வேட்டை நாய்களுக்குப் போட்ட வரியை எதிர்த்தவர்கள்மேல் தென்னாப்பிரிக்க அரசு விமானத்திலிருந்து குண்டு போட்டது. சுமார் நூறு பேர் இறந்தார்கள்.

சரி, கண்டிக்கே வருவோம். டொரிங்டனின் ஆட்சியில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர் எமர்சன் டெனன்ட். பிறகு இலங்கையின் விலங்குகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதில் தெருநாய்களைப் பற்றி எழுதிய பகுதியைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. சிங்கள மக்கள் உயிர்க்கொலைக்கு அஞ்சி நாய்களைப் பெருக விட்டுவிடுகிறார்களாம். ஆகவே அரசாங்கம் ஆண்டுக்கு ஒருமுறை நாயைக் கொன்றால் சன்மானம் என்று அறிவிக்குமாம். துப்பாக்கிக்குப் பொலிஸ் தடை. எனவே தமிழர்களும் மலாயர்களும் தடியோடு தெருவில் துரத்தி, எந்த வாசலில் அந்த நாய்க்குச் சோறு கிடைத்ததோ அதே வாசற்படியில் அடித்துக் கொல்வார்களாம். டொரிங்டனின் நாய்வரியை இதைவிட நாகரிகமான ஒரு முயற்சி என்கிறார் டெனன்ட். வரி இருந்தால் குட்டிகளைத் தண்ணீரில் அமுக்கிவிடுவார்கள், எண்ணிக்கை குறையும் என்பது அவர் கணக்கு. கூடவே இன்னொரு தகவலும் தருகிறார்: அந்தச் சன்மானத்துக்காகவே குதிரைக்காரர்கள் நாய் வளர்த்துக் கொல்வதாக நம்ப இடமிருக்கிறதாம்!

இந்தக் கடைசித் தகவலைப் படித்துச் சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் "தமிழர்கள்" என்று அவர் போகிற போக்கில் எழுதிய வார்த்தையில் நான் நின்றுவிட்டேன். கூலிக்கு வந்தவர்கள், குதிரை பார்த்தவர்கள், தெருவைக் கூட்டியவர்கள் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். ஊருக்கு வேண்டாத வேலையை, ஊர் செய்யக் கூசுகிற வேலையை, காசில்லாதவன் தலையில் கட்டுவது. இன்றைக்கும் கண்டி நகரத்தின் குப்பையை அள்ளுகிறவர்களில் பலர் மஹய்யாவையில் இருக்கிற நம்முடைய ஆட்கள்தான். நாயை வளர்க்கிறவருக்கு ஷில்லிங் வரி. கொல்கிறவருக்குச் சன்மானம். கடிபட்டவருக்கு? அந்தக் கேள்வியை 1848இன் நாய்வரி கேட்கவேயில்லை.

கடிபட்டவருக்கு என்ன என்ற கேள்விக்கான பதில் நாலு ஆண்டு கழித்து வேறு வாசல் வழியாகக் கண்டிக்குள் வந்தது. சத்தமில்லாமல் வந்ததால் பாடப்புத்தகத்தில் இடம் பிடிக்கவில்லை. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் எழுதியபோது கண்டியர்களின் வழக்கங்களைக் காப்பதாகப் பிரித்தானியர் ஒத்துக்கொண்டார்கள். கரையோரப் பகுதிகளில் ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டம், மலைநாட்டில் கண்டியச் சட்டம். 1852இன் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. கண்டியச் சட்டம் எதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையோ, அங்கே கரையோரத்துச் சட்டம் செல்லும்.

அந்தக் கரையோரத்துச் சட்டத்தோடு ஒரு பழைய விதியும் வந்தது. ரோமாபுரியில் கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் பன்னிரண்டு பலகைகளில் சட்டம் எழுதி வைத்தார்கள் இல்லையா, அதில் இருந்த விதி: உன் வளர்ப்பு மிருகம் இன்னொருவருக்குக் கேடு செய்தால், நட்டத்தைக் கட்டு, இல்லையென்றால் மிருகத்தைக் கொடுத்துவிடு. உரிமையாளர் கவனமாக இருந்தாரா இல்லையா என்பதே பேச்சில்லை. நாய் உன்னுடையது, ஆகவே பொறுப்பும் உன்னுடையது. கடிபட்டவரே நாயைச் சீண்டியிருந்தால், அல்லது அனுமதியில்லாமல் வளவுக்குள் நுழைந்திருந்தால் கதை மாறும். மிருகத்தைக் கொடுத்துத் தப்பிக்கிற பாதி காலப்போக்கில் ஒழிந்தது. மிச்சப் பாதி நின்றது.

இதே ஒல்லாந்தச் சட்டத்தை வாரிசாகப் பெற்ற இன்னொரு நாடு தென்னாப்பிரிக்கா. அங்கே 2020இல் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தெருவில் நடந்துபோன ஒருவரை மூன்று நாய்கள் கடித்துக் குதறியதில் அவருடைய கையையே எடுக்க வேண்டியதாயிற்று. உரிமையாளரின் வாதம், நான் கேற்றைப் பூட்டித்தான் வைத்திருந்தேன், யாரோ உடைத்துத் திறந்ததற்கு நான் என்ன செய்ய? அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. நாய் வளர்ப்பதால் வருகிற ஆபத்து வளர்க்கிறவரைச் சேரும், தெருவில் போகிறவரைச் சேராது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

நம்மூரில் இது காகிதத்தில் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையும் 1883இல் வந்தது. ஆபத்து உண்டாக்கக்கூடிய மிருகத்தைக் கவனமில்லாமல் விட்டால் அது குற்றம் என்று அதில் ஒரு பிரிவு. ஆனால் நட்டஈடு கேட்க வேண்டுமென்றால் சட்டத்தரணி வேண்டும், தவணைக்குத் தவணை நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். கொழுந்து பறிக்கிற சித்தி நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அங்கே போய் நிற்பார் என்று நினைக்கிறீர்களா?

இதற்குப் பிறகு அரசாங்கம் செய்தது பழைய பாதையில்தான். 1893இல் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம். 1901இல் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம். உள்ளூராட்சிச் சபையில் ஆண்டுதோறும் நாயைப் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். பதியாத நாயையும், பொது இடத்தில் ஆளில்லாமல் திரிகிற நாயையும் பிடிக்கலாம், கொல்லலாம். நோயின் பயங்கரத்தைப் பார்த்தால் அன்றைக்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை, அன்றைக்கும் இன்றைக்கும். ஆனால் சட்டத்தின் கட்டமைப்பைக் கவனியுங்கள். "என் நாய்" என்று சொல்கிறவர் காசு கட்டுகிறார். சொல்லாதவரின் நாய் சாகிறது, அவருக்கு ஒரு சதமும் செலவில்லை. அப்படியென்றால் ஏழை வீட்டில் யார் "என் நாய்" என்று சொல்லப்போகிறார்? கட்டாக்காலி நாய் என்று நாம் சொல்வதில் எத்தனை, சோறு போட்டு வளர்த்துவிட்டுச் சபை ஆட்கள் வந்ததும் கைவிட்ட நாய்கள்! 1907இன் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டமும் இந்தக் காலத்ததுதான். அதில் விதித்த அதிகபட்ச அபராதம் 100 ரூபா. அன்றைக்கு அது பெரிய காசு. நூறாண்டு தாண்டியும் அதே 100 ரூபாவாகவே கிடந்தது. புதிய விலங்கு நலச் சட்டத்துக்கு இலங்கைச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைவு தயாரித்துக் கொடுத்தும் அது ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

கொன்று கொன்று நோய் ஒழிந்ததா? 1973இல் இந்த நாட்டில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். இப்போது ஆண்டுக்குச் சில பத்துப் பேர் என்ற அளவுக்கு அது இறங்கியிருக்கிறது. இறக்கியது தடி இல்லை, ஊசி. நாய்க்குப் போட்ட தடுப்பூசியும் மனிதருக்கு ஆஸ்பத்திரியில் போட்ட தடுப்பூசியும். நாயைக் கொன்றால் அந்தத் தெருவில் காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வரும், ஊசி போடாத நாய். இதை விளங்கிக்கொண்டு 2006இல் தெருநாய்களைக் கூட்டமாகக் கொல்வதை நிறுத்தினார்கள். கருத்தடையும் தடுப்பூசியும் என்ற வழிக்கு அரசு வந்தது. கண்டியில் கக்பாவ் என்ற விலங்கு நலச் சங்கம் இந்த வேலையில் நீண்டகாலமாக இருக்கிறது. நாட்டின் மிருக வைத்தியபீடம் இருப்பதும் பக்கத்தில் பேராதனையில்தான்.

இனி அந்த ஆஸ்பத்திரிக் கேள்விக்கு வருகிறேன். "யாருடைய நாய்?" என்று டொக்டர் கேட்பது வழக்குப் போட இல்லை, பில் எழுதவும் இல்லை. கடித்த நாயைப் பதினான்கு நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான். கடித்த நாய்க்கு அந்த நேரத்தில் நோய் இருந்தால், அந்த நாட்களுக்குள் அது செத்துவிடும். இரண்டு வாரம் கழித்தும் வாலாட்டிக்கொண்டு நின்றால் பயமில்லை. தெரிந்த நாய், ஊசி போட்ட அட்டை இருக்கிற நாய் என்றால் சிகிச்சையே வேறு மாதிரி. ரோட்டு நாய் என்று சொல்லிவிட்டால் ஆகக் கூடிய ஆபத்தை நினைத்துத்தான் மருந்து கொடுப்பார்கள். அதனால் தம்பி அத்தனை ஊசியும் போட்டுக்கொண்டான். மணி விறகு அடுக்குக்குக் கீழே சுகமாகத்தான் இருந்தது. (போகிற போக்கில் ஒன்று: கடித்த உடனே சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி.)

அந்த ஊசிகளுக்கு நாங்கள் ஒரு சதமும் கட்டவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம். யோசித்துப் பார்த்தால், இந்த நாட்டில் எல்லாருக்கும் பொதுவான நாய்க் காப்புறுதி அதுதான். யாருடைய நாய் கடித்தாலும் செலவை எல்லாருடைய வரியும் சேர்ந்து ஏற்கிறது. பங்களாவில் ஜேர்மன் ஷெப்பர்ட் வளர்க்கிறவரின் பொறுப்பையும் தோட்டத்தில் தேயிலைத்தூளுக்குக் கூட வரி கட்டுகிறவர்தான் பங்குபோட்டுக் கட்டுகிறார். வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்ற நாட்களின் சம்பளத்தை மட்டும் யாரும் பங்குபோடுவதில்லை.

ஜேர்மன் என்றதும் ஞாபகம் வருகிறது. பெர்லினில் இருக்கிற ஒரு தோழி நாய் வாங்கியபோது அனுப்பிய கடிதாசிக் கட்டைப் பார்த்துச் சிரித்தோம். அங்கே 1900இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத்திலேயே, செல்லமாக வளர்க்கும் மிருகம் செய்யும் சேதத்துக்கு, தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வளர்க்கிறவர் பொறுப்பு. நம் கரையோரத்துச் சட்டத்தின் தூரத்துச் சொந்தம். ஆனால் அவர்கள் அங்கே நிற்கவில்லை. பெர்லின், ஹம்பர்க் போன்ற மாநிலங்களில் நாய் வைத்திருக்கிறவர் பொறுப்புக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். கடிபட்டவர் உரிமையாளரின் பையில் காசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை, கம்பனி கட்டும். கூடவே நாய்வரியும் உண்டு, பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. டொரிங்டன் உயிரோடு இருந்தால் சந்தோஷப்படுவார்.

நாய்க்கு வருத்தம் வந்தால் வைத்தியச் செலவைத் தருகிற காப்புறுதி வேறு. சுவீடனில் 1924இல் அது தொடங்கியது. அமெரிக்காவில் 1982இல் டெலிவிஷன் நாய் லஸ்ஸிக்கு முதல் பத்திரம் எழுதினார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று என் செல்லத்துக்காக நான் எடுப்பது. மற்றது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக நான் எடுக்க வேண்டியது. நம்மூரில் கேற்றில் "நாய் கவனம்" என்று பலகை மாட்டுகிறோம். எச்சரிக்கிற வேலை எங்களுடையது, கவனமாக இருக்கிற வேலை உங்களுடையது என்று அர்த்தம்.

பெர்லின் முறையை அப்படியே கண்டிக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நாளைக்கே ஒரு சட்டம் போட்டு, நாய் வைத்திருக்கிற எல்லாரும் காப்புறுதி எடு என்றால் என்ன நடக்கும்? பங்களா எடுக்கும். லயம் "ரோட்டு நாய்" என்று சொல்லும். 1848 மறுபடி வரும், கலகம் இல்லாமல். நான் கேட்பது வேறு வரிசை. முதலில் ஊசி, இலவசமாக, வாசலுக்கே வந்து. பிறகு பதிவு, காசில்லாமல். அதற்குப் பிறகு, பெரிய கேற்றும் பெரிய நாயும் வைத்திருக்கிறவர்களிடம் காப்புறுதியைப் பற்றிப் பேசலாம். முதலில் காசு கேட்டுவிட்டுப் பிறகு பொறுப்பைக் கேட்டால் இரண்டும் வராது என்பதைத் தெரிந்துகொள்ள இந்த நகரத்துக்கு நூற்றெழுபது ஆண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது.

தம்பி கடிபட்டு அடுத்த ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக்கு ஊசி போடுகிற ஆட்கள் வந்தார்கள். ஒருவர் வலையோடும் ஒருவர் அட்டைக் கட்டோடும். மணியைப் பிடித்து ஊசி போட்டுக் கழுத்தில் சிவப்பு நாடாவும் கட்டியாயிற்று. அட்டையில் உரிமையாளர் பெயர் எழுத வேண்டும். "யாருடைய நாய்?" என்று சிங்களத்தில் கேட்டார் அந்த இளைஞர். வாசலில் நின்ற பதினைந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசி வீட்டுப் பாட்டி மட்டும் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "வருசா வருசம் காசு கேப்பாங்களான்னு கேளு."

கேட்டேன். இல்லை என்றார். பாட்டி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்து தன் பெயரைச் சொன்னார், இரண்டு தரம், எழுத்துப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்பதற்காக.